கிண்ணத்தில் எவ்வளவு சோடியம்? தாவர உணவுக்கு மாறிய ஒருவரும் பொட்டலச் சூப்பும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

புதுச்சேரி லாஸ்பேட்டைப் பகுதியில் வசிக்கும், பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற 61 வயதுப் பெண்மணி ஒருவரின் உணவும் இரத்த அழுத்தமும் தொடர்பான நிகழ்வு இங்கே பதிவு செய்யப்படுகிறது. அவரும் அவர் குடும்பத்தினரும் ஒப்புதல் அளித்திருக்கிறார்கள். அடையாளம் காட்டும் விவரங்கள் தவிர்க்கப்பட்டுள்ளன. அவருக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரோடு சேர்ந்து பணியாற்றும் உணவியல் ஆலோசகர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மருந்து குறித்த முடிவுகள் அனைத்தும் மருத்துவருடையவை. உணவு குறித்தவை அம்மையாரும் அவர் கணவரும் நானும் கலந்து பேசி எடுத்தவை.

அம்மையாருக்கு ஒன்பது ஆண்டுகளாக உயர் இரத்த அழுத்தம் உண்டு. டெல்மிசார்டன், ஆம்லோடிபின் ஆகிய இரண்டு மாத்திரைகளில் அது நெடுங்காலம் 130/80 அளவில் கட்டுக்குள் இருந்தது. குடும்பம் முன்பே சைவம். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் வீகன் உணவுக்கு மாறி, அதன் நன்மைகளைத் தாயிடம் எடுத்துச் சொன்னதன் பேரில், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அவரும் பால், தயிர், மோர், நெய் அனைத்தையும் நிறுத்தினார். உடல் எடை சற்றுக் குறைந்தது. எல்லைக்கோட்டில் இருந்த சர்க்கரை அளவு சீரானது. ஆனால் இரண்டாவது ஆண்டில் இரத்த அழுத்தம் மெல்ல மெல்ல ஏறத் தொடங்கியது. மாலை வேளையில் கணுக்கால்கள் வீங்கின. மருத்துவர் ஆம்லோடிபின் அளவை 2.5 மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராமாக உயர்த்தியும் அழுத்தம் எதிர்பார்த்தபடி இறங்கவில்லை. அந்த மாத்திரையே கணுக்கால் வீக்கத்தைத் தரக்கூடியது என்பதால், வீக்கத்துக்கு மருந்து காரணமா, உப்பு காரணமா என்பதும் தெளிவாகவில்லை. அந்த நிலையில்தான் உணவை முழுமையாகப் பார்க்கச் சொல்லி என்னிடம் அனுப்பினார்.

"பால விட்டேன், தயிர விட்டேன், நெய்ய விட்டேன். இன்னும் பிரஷர் ஏறுதுன்னா நான் வேற எதைத்தாம்மா விடுறது?" என்று அவர் முதல் நாளே கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த வருத்தம் நியாயமானது. காய், கனி, பருப்பு, முழுத்தானியம் நிறைந்த உணவு இரத்த அழுத்தத்தைக் குறைக்க உதவும் என்பது நன்கு நிறுவப்பட்ட செய்தி. ஆனால் 2001-இல் வெளியான 'டேஷ்-சோடியம்' ஆய்வு மற்றொன்றையும் காட்டியது. அத்தகைய உணவை உண்பவர்களுக்கும் சோடியத்தைப் படிப்படியாகக் குறைத்தபோது அழுத்தம் மேலும் இறங்கியது. ஆகவே எதை உண்கிறோம் என்பதும், அதோடு எவ்வளவு உப்பு உள்ளே போகிறது என்பதும் தனித்தனியே பார்க்கப்பட வேண்டிய இரண்டு கணக்குகள். அம்மையார் முதல் கணக்கை மிகுந்த அக்கறையோடு சரி செய்திருந்தார்.

முதல் சந்திப்பில் கண்டவை

ஒரு நாள் உணவைக் காலையிலிருந்து சொல்லச் சொன்னபோது, சமையலில் உப்புக் குறைவாகவே போடுவதாக அவர் கூறினார். கணவரும் அதை ஆமோதித்தார். குழம்பும் பொரியலும் அவர்கள் வீட்டில் உண்மையிலேயே மட்டான உப்போடுதான் சமைக்கப்பட்டன என்பதைப் பின்னர் அளந்து பார்த்து உறுதி செய்துகொண்டோம். இரவு உணவைப் பற்றிக் கேட்டபோது, "ராத்திரிக்கு வெறும் சூப்புதான், ரெண்டு பிரெட்டு" என்றார். அந்த 'வெறும்' என்ற சொல்லுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க, வீட்டில் உள்ள சூப்புப் பொட்டலங்கள் அனைத்தையும் அடுத்த முறை கொண்டுவரும்படி கேட்டுக்கொண்டேன். காலிப் பொட்டலங்களையும் தூக்கி எறியாமல் சேர்த்து வைக்கச் சொன்னேன். வாயால் சொல்லும் உணவுப் பட்டியலைவிடக் குப்பைக்குப் போகும் உறைகள் துல்லியமாகப் பேசும்.

இதற்கிடையே இருபத்துநான்கு மணி நேரச் சிறுநீர்ச் சோதனை செய்யப்பட்டது. நாம் உண்ணும் சோடியத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் சிறுநீரில் வெளியேறிவிடுவதால், உப்பை மதிப்பிட இதைவிட நம்பகமான எளிய வழி இல்லை. முடிவு 178 மில்லிமோல் என்று வந்தது. ஒரு மில்லிமோல் சோடியம் 23 மில்லிகிராம். எனவே வெளியேறியது மட்டுமே ஏறத்தாழ 4100 மில்லிகிராம். உப்பாகச் சொன்னால் 10 கிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் வயது வந்தோருக்குச் சொல்லும் வரம்பு, நாளொன்றுக்கு 2000 மில்லிகிராம் சோடியத்துக்குக் கீழ், அதாவது 5 கிராம் உப்புக்குக் கீழ். இந்தியாவில் 2017-18இல் நடந்த தேசிய அளவிலான கணக்கெடுப்பில் சராசரி உப்பு உட்கொள்ளல் சுமார் 8 கிராம் என்று கண்டறியப்பட்டது. குறைவாக உப்புப் போடும் ஒரு வீட்டில், நாட்டின் சராசரியையும் தாண்டிய அளவு உள்ளே போய்க்கொண்டிருந்தது.

சிறுநீரகச் செயல்பாடு இயல்பாக இருந்தது. இரத்தத்தில் பொட்டாசியம் 5.0 என, இயல்பு வரம்பின் மேல் ஓரத்தில் இருந்தது. இந்த எண் பின்னால் ஒரு முடிவுக்கு முக்கியமானது.

பொட்டலங்கள் சொன்னவை

அம்மையார் கொண்டுவந்த துணிப்பையில் ஐந்து வகைச் சூப்புகள் இருந்தன. ஒவ்வொன்றும் வெவ்வேறு விதத்தில் வாசிக்க வேண்டியதாக இருந்ததால், அவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலாவது, அவர்கள் அன்றாடம் பயன்படுத்தியது: 44 கிராம் கொண்ட தக்காளிச் சூப்புத் தூள். நூறு கிராமுக்குச் சோடியம் 5200 மில்லிகிராம் என்று அச்சிடப்பட்டிருந்தது. பொட்டலம் நான்கு பேருக்கானது. ஒருவருக்கு 11 கிராம் தூள், 150 மில்லிலிட்டர் தண்ணீர். அந்தக் கணக்கில் ஒருவருக்கு 572 மில்லிகிராம் சோடியம், ஒரு நாளைய வரம்பில் 29 சதவீதம் என்று லேபிள் நேர்மையாகவே சொன்னது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிமுறைகள், சோடியத்தை மில்லிகிராமில் குறிப்பிடுவதையும், 2000 மில்லிகிராமை அடிப்படையாக வைத்து ஒரு முறை உண்ணும் அளவு அதில் எத்தனை சதவீதம் என்று காட்டுவதையும் கட்டாயமாக்கியிருக்கின்றன. சிக்கல் கிண்ணத்தில் இருந்தது. 150 மில்லிலிட்டர் என்பது ஒரு காபி டம்ளர் அளவு. இரவு உணவாகக் குடிக்கும் எவரும் அதோடு நிறுத்துவதில்லை. இவர்கள் முழுப் பொட்டலத்தையும் 600 மில்லிலிட்டர் நீரில் காய்ச்சி, கணவனும் மனைவியுமாக இரண்டு கிண்ணத்தில் ஊற்றிக் குடித்தார்கள். ஆகவே ஒவ்வொருவருக்கும் 1144 மில்லிகிராம். நாள் முழுவதற்கும் உரிய வரம்பில் பாதிக்கு மேல் அந்த ஒரு கிண்ணத்திலேயே முடிந்துவிட்டது. முன்பு அதே வேளையில் அவர் குடித்துவந்த ஒரு டம்ளர் பாலில் இருந்திருக்கக்கூடிய சோடியம் 70 மில்லிகிராம் அளவுதான் என்பதை எண்ணிப் பார்த்தால், அழுத்தம் எப்போதிலிருந்து ஏறியது என்பதற்கு விடை கிடைத்துவிடுகிறது.

இரண்டாவது பொட்டலம், 'எம்.எஸ்.ஜி. சேர்க்கப்படவில்லை' என்று முகப்பில் பெரிதாக அச்சிட்டிருந்தது. மகள் அதைப் பார்த்துத்தான் வாங்கி அனுப்பியிருந்தார். எம்.எஸ்.ஜி. எனப்படும் சுவையூட்டியான மோனோசோடியம் குளுட்டமேட்டில் எடையில் சுமார் 12 சதவீதம்தான் சோடியம். சாதாரண உப்பில் 39 சதவீதம். எம்.எஸ்.ஜி.யை நீக்கிவிட்டு அந்தச் சுவை இழப்பை உப்பாலும், நீராற்பகுக்கப்பட்ட தாவரப் புரதத்தாலும், சோயா சாஸ் தூளாலும் ஈடுகட்டினால் சோடியம் குறையாது. அந்தத் தாவரப் புரதம் அமிலத்தால் பிரிக்கப்பட்டுப் பின்னர்க் காரத்தால் நடுநிலைப்படுத்தப்படும்போதே அதில் உப்பு உருவாகிவிடுகிறது. அந்தப் பொட்டலத்தில் நூறு கிராமுக்கு 5100 மில்லிகிராம் சோடியம் இருந்தது. முதலாவதற்கும் இதற்கும் பேசத்தக்க வேறுபாடே இல்லை.

மூன்றாவது, '25 சதவீதம் குறைந்த சோடியம்' என்ற வாசகம் கொண்டது. நூறு கிராமுக்கு 3900 மில்லிகிராம். வாசகம் உண்மைதான். ஆயினும் அவர்கள் குடிக்கும் கிண்ண அளவில் அது 858 மில்லிகிராம் ஆகிறது. எதைவிடக் குறைவு என்ற கேள்வியைக் கேட்காமல் 'குறைந்த' என்ற சொல்லை ஏற்பது இந்த நோயாளிக்குப் பயன் தராது.

நான்காவது, வெள்ளை நகரப் பகுதிக் கடையொன்றில் வாங்கிய இறக்குமதி டப்பா. அதில் பிரெஞ்சு மொழியில் ஊட்டச்சத்து விவரம் இருந்தது. ஐரோப்பிய விதிமுறைப்படி அங்கே சோடியம் அச்சிடப்படுவதில்லை, உப்பாகவே, அதுவும் கிராமில், நூறு மில்லிலிட்டருக்கு இத்தனை என்று தரப்படுகிறது. 0.7 என்ற எண்ணைப் பார்த்து இது ஒன்றுமில்லாத அளவு என்று அம்மையார் எண்ணியிருந்தார். 400 மில்லிலிட்டர் டப்பாவில் 2.8 கிராம் உப்பு. ஒரு கிராம் உப்பில் ஏறத்தாழ 400 மில்லிகிராம் சோடியம் என்பதால், அதை 400ஆல் பெருக்கினால் சுமார் 1100 மில்லிகிராம் சோடியம். தண்ணீர் கலந்த நிலையில் ஒப்பிட்டால் முதல் பொட்டலத்தைவிட இது குறைவுதான்: அது நூறு மில்லிலிட்டருக்கு 381, இது 280. ஆனால் தூளுக்கான நூறு கிராம் எண்ணையும் குடிக்கத் தயாரான சூப்பின் நூறு மில்லிலிட்டர் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், 5200க்கும் 0.7க்கும் இடையே எந்த ஒப்பீடும் சாத்தியமில்லை. புதுச்சேரி, ஆரோவில் பக்கக் கடைகளில் பல நாட்டு லேபிள்கள் ஒரே அலமாரியில் இருப்பதால், இந்த ஊரில் இது கற்பனைச் சிக்கல் அல்ல. அமெரிக்க டப்பாக்களில் நாளைய அளவு 2300 மில்லிகிராம் என்று வைத்துச் சதவீதம் கணக்கிடப்படுவதால், அங்கே அதே சோடியம் சற்றே குறைந்த சதவீதமாகத் தெரியும்.

ஐந்தாவது, மகளிர் குழு ஒன்று தயாரிக்கும் முருங்கைக்கீரை, சிறுதானியச் சூப்புத் தூள். இதில் ஊட்டச்சத்துப் பட்டியல் இல்லை, சேர்மானப் பட்டியல் மட்டும் இருந்தது. சேர்மானங்கள் எடையின் இறங்கு வரிசையில் எழுதப்பட வேண்டும் என்பது விதி. அங்கே கம்பு மாவுக்கு அடுத்து உப்பும், அதற்குப் பின்னால் முருங்கையும் இருந்தன. கீரையைவிட உப்பு அதிகம் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. அம்மையாரின் கணவர் நேரில் சென்று விசாரித்தபோது, பத்துக் கிலோ கலவைக்கு ஒரு கிலோ நானூறு கிராம் உப்புச் சேர்ப்பதாகக் குழுவினர் ஒளிக்காமல் சொன்னார்கள். அது நூறு கிராமுக்கு 14 கிராம் உப்பு, ஏறத்தாழ 5500 மில்லிகிராம் சோடியம். கைத்தயாரிப்பு, சிறுதானியம், கீரை ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தும், ஆலையில் செய்த பொட்டலத்தைவிட இதில் உப்புக் கூடுதல்.

ஐந்திலும் சைவத்துக்கான பச்சைப் புள்ளி இருந்தது. இரண்டில் வீகன் உணவுக்கான பச்சை முத்திரையும் இருந்தது. அது 2022ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, விலங்கிலிருந்து பெறப்பட்ட எதுவும் சேரவில்லை என்பதற்கான உறுதி. உப்பைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை, சொல்வதாகக் கூறிக்கொள்வதும் இல்லை. தாவர உணவுக்கு மாறியவர்கள் கடையில் முதலில் தேடுவது அந்த முத்திரையைத்தான். அது கிடைத்ததும் பொட்டலத்தைப் பின்பக்கம் திருப்பாமலே கூடையில் போட்டுவிடுகிறார்கள். இந்தக் குடும்பத்திலும் அதுவே நடந்தது.

மற்ற வழிகள்

ஒரு நாளைய சோடியத்தைக் கூட்டிப் பார்த்தபோது 4200 மில்லிகிராம் அளவில் வந்தது. சிறுநீர்ச் சோதனைக்கு அது நெருக்கமாகவே இருந்தது. சூப் அதில் கால் பங்குக்கு மேல். மீதியில் பெரும்பகுதி இட்லி மாவு, சட்னி, சாம்பார், குழம்பு என வழக்கமான சமையல். ரொட்டி, ஊறுகாய், மாலை நேர மிக்சர் ஆகியவை தலா 250 முதல் 350 வரை. எதிர்பாராத இரண்டு வழிகளும் இருந்தன. நெய் நிறுத்திய பின் கூட்டு, குருமா ஆகியவற்றில் ருசி குறைந்துவிட்டதாக எண்ணி, அம்மையார் அவற்றில் ஒரு கரண்டி சூப்புத் தூளைக் கலந்துவந்தார். மற்றொன்று தண்ணீர். கடலோரத்தில் நிலத்தடி நீரில் உப்பு ஏறுவது இந்தப் பகுதியில் பழகிப்போன சங்கதி. அவர்கள் குடிப்பதற்கு ஆர்.ஓ. நீரைப் பயன்படுத்தினாலும், சமையலுக்கு ஆழ்துளைக் கிணற்று நீரையே எடுத்தார்கள். சோதனையில் அதில் லிட்டருக்கு 160 மில்லிகிராம் சோடியம் இருந்தது. மொத்தத்தில் இது சிறு பங்குதான்; ஆனாலும் எந்த மாற்றுச் சமையலும் செய்யாமல் நீக்கக்கூடிய பங்கு.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

மகள் தொலைபேசியில் கலந்துகொண்டு ஒரு விதியை முன்வைத்தார். எந்தப் பொட்டலத்திலும் சோடியம் மில்லிகிராம், கலோரி எண்ணைத் தாண்டக்கூடாது என்பது தாவர உணவுக்காரர்களிடையே பரவலாக இருக்கும் அளவுகோல். இரண்டாயிரம் கலோரிக்கு இரண்டாயிரம் மில்லிகிராம் என்ற எளிய கணக்கிலிருந்து பிறந்தது அது. ரொட்டி, பிஸ்கட், சமைத்த உணவுப் பொட்டலம் போன்றவற்றைச் சலித்தெடுக்க அது மிகவும் நல்ல சல்லடை. முதல் பொட்டலத்தில் ஒருவர் அளவுக்கு 38 கலோரி, 572 மில்லிகிராம் சோடியம், பதினைந்து மடங்கு. இறக்குமதி டப்பா ஆறு மடங்கு. எது மோசம் என்று ஒப்பிட இந்த விகிதம் உடனே உதவியது.

ஆனால் எதைக் குடிக்கலாம் என்ற முடிவுக்கு அதை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம் என்று நான் கூறினேன். சூப் பெரும்பாலும் தண்ணீர். அதில் கலோரி இயல்பிலேயே குறைவு. வீட்டில் பருப்பும் தக்காளியும் கேரட்டும் போட்டு, இரண்டு கிண்ணத்துக்கு ஒரே கிராம் உப்புச் சேர்த்துக் காய்ச்சும் சூப்பில் கிண்ணத்துக்குச் சுமார் 260 மில்லிகிராம் சோடியமும் 110 கலோரியும் இருக்கும். விகிதப்படி அதுவும் தோற்றுவிடும். அப்படித் தோற்கிறதே என்று அந்தச் சூப்பை விட்டுவிட்டு, விகிதத்தில் தேறுகிற கொழுப்பு நிறைந்த ஏதோவொரு நொறுக்குத்தீனிக்குப் போவது யாருக்கும் நல்லதன்று. ஆகவே கிண்ணத்துக்கு 300 மில்லிகிராம் என்ற நேரடியான வரம்பை வைத்துக்கொண்டோம். மூன்று வேளை உணவுக்குத் தலா 500 வரை ஆகிவிடும் தமிழ்ச் சமையலில், மீதமுள்ள 500இல் சூப்புக்கு 300க்கு மேல் ஒதுக்க இடமில்லை என்பதே அதற்குக் காரணம்.

பொட்டலச் சூப்பை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை. பால், தயிர், நெய் என்று அடுத்தடுத்து விட்டவரிடம் மற்றொன்றையும் பறித்தால், அவர் தாவர உணவையே வெறுக்கத் தொடங்கக்கூடும். அது இழக்கக்கூடாத ஒன்று. எனவே, நான்கு பேருக்கான பொட்டலத்தில் கால் பங்குத் தூளை மட்டும் எடுத்து, அதை இருவருக்கும் சேர்த்து 600 மில்லிலிட்டருக்குப் பயன்படுத்துவது என்று தீர்மானித்தோம். கிண்ணத்துக்குத் தூளிலிருந்து 286 மில்லிகிராம். குறையும் கெட்டித்தன்மையை வேகவைத்து மசித்த பாசிப்பருப்பும், ஊறவைத்து அரைத்த பண்ருட்டி முந்திரி நான்கைந்தும் ஈடு செய்தன. சுவைக்குக் காளான், நன்கு வதக்கிய தக்காளி, கொத்தமல்லித் தண்டு, வறுத்துப் பொடித்த சீரகம், மிளகு. எலுமிச்சையை இறக்கிய பிறகே பிழியச் சொன்னேன், புளிப்பு முன்னால் நின்றால் உப்பின் குறை நாக்குக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. காய்களிலிருந்து வரும் இயற்கைச் சோடியம் கிண்ணத்துக்கு 50 அளவில் இருக்கும். அதனால் வரம்பைச் சற்றுத் தாண்டினாலும் அதைப் பொருட்படுத்தவில்லை. கூட்டில் தூள் கலப்பது நிறுத்தப்பட்டது. சமையலுக்கும் ஆர்.ஓ. நீரே என்றானது. ஊறுகாய் வாரத்துக்கு இருமுறை.

உப்பு வகையைப் பற்றி இரண்டு முடிவுகள் தேவைப்பட்டன. அம்மையார் ஓராண்டாக இந்துப்புக்கு மாறியிருந்தார், அதில் சோடியம் குறைவு என்ற நம்பிக்கையில். இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். மரக்காணம் உப்பளத்து உப்புக்கும் அதற்கும் சோடியத்தில் பெரிய வேறுபாடு கிடையாது. அயோடின் மட்டும்தான் போய்விடுகிறது. பாலும் தயிரும் நிறுத்தியவருக்கு அயோடின் வரும் வழிகள் ஏற்கெனவே சுருங்கியிருப்பதால், குறைந்த அளவில் அயோடின் கலந்த உப்பையே பயன்படுத்தச் சொன்னோம். தைராய்டு சோதனை இயல்பாக இருந்தது ஆறுதல். இதே சமயத்தில் வைட்டமின் பி12 அளவும் பார்க்கப்பட்டது. அது குறைவாக இருந்ததால் மருத்துவர் மாத்திரை தொடங்கினார்.

மகள் அனுப்பியிருந்த பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு இரண்டாவது விஷயம். அத்தகைய உப்பின் பயனை நான் குறைத்துச் சொல்லவில்லை. சீனக் கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடத்தப்பட்டு 2021-இல் வெளியான ஆய்வில், கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் குறைந்தது. ஆனால் டெல்மிசார்டன் உடலில் பொட்டாசியத்தைத் தங்கவைக்கும் மாத்திரை. இவருடைய பொட்டாசியம் ஏற்கெனவே 5.0, உணவோ வாழைப்பழம், கீரை, இளநீர், பருப்பு என்று பொட்டாசியம் நிறைந்தது. மருத்துவர் அந்த உப்பை வேண்டாம் என்று திட்டவட்டமாகச் சொன்னார். யாரும் சொல்லாமலே அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தால் விளைவு கடுமையாக இருந்திருக்கலாம் என்பதால் இதைத் தனியே குறிப்பிடுகிறேன்.

சூப்பின் பங்கைத் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்பதற்காக, அழுத்தம் அபாய அளவை எட்டாத வரை எட்டு வாரங்களுக்கு மாத்திரை அளவை மாற்றுவதில்லை என்று மருத்துவர் முடிவெடுத்தார். வீட்டில் காலையும் இரவும் அழுத்தத்தை அளந்து குறிப்பேட்டில் எழுதும் பொறுப்பைக் கணவர் ஏற்றார்.

தொடர்ந்த வாரங்கள்

முதல் பத்து நாள்கள் எளிதாக இல்லை. "வெந்நியக் குடிக்கிற மாதிரி இருக்கு" என்று அம்மையார் சொன்னார். இரண்டு இரவுகள் பழைய அளவுக்கே திரும்பியதையும் மறைக்காமல் குறிப்பேட்டில் எழுதியிருந்தார். உப்புக் குறைந்த உணவுக்கு நாக்குப் பழகச் சில வாரங்கள் ஆகும் என்பதை முன்கூட்டியே சொல்லியிருந்தது இங்கே உதவியது. அந்த இரு இரவுகளை அவர் தோல்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் வார முடிவில் எடை ஒரு கிலோ குறைந்திருந்தது. அது பெரும்பாலும் உடலில் தேங்கியிருந்த நீர்.

கணவர் தினமும் கடற்கரைச் சாலையில் நடந்துவிட்டு வண்டியில் விற்கும் வாழைத்தண்டுச் சூப்பை மனைவிக்கும் வாங்கிவரும் வழக்கம் அப்போதுதான் தெரியவந்தது. அதன் உப்பை அறிய வழியில்லை. வாரத்தில் ஒரு நாள், அதுவும் இரவுச் சூப்புக்குப் பதிலாக என்று வைத்துக்கொண்டோம்.

நான்காவது வாரத்துக்குப் பிறகு நடந்தது நாங்கள் திட்டமிடாதது. மகளிர் குழுவினரிடம் அவர் கணவர் கணக்கைச் சொல்லியிருந்ததால், உப்பே சேர்க்காத ஒரு கலவையை அவர்கள் தனியாகச் செய்து கொடுத்தார்கள். குடிக்கும்போது தேவையான உப்பை நாமே அளந்து போட்டுக்கொள்ளலாம். உப்பு உள்ளே கலந்துவிட்ட தூளில் ருசியையும் சோடியத்தையும் பிரிக்க முடியாது. உப்பில்லாத தூளில் அந்தக் கட்டுப்பாடு சமைப்பவர் கைக்கு வந்துவிடுகிறது. அம்மையார் ஆறாவது வாரத்தில் ஆலைப் பொட்டலத்தை முழுவதும் விட்டுவிட்டு இதற்கு மாறினார். மாறச் சொல்லி நான் கேட்கவில்லை.

விளைவு

தொடக்கத்தில் ஒரு வாரச் சராசரி 152/94 ஆக இருந்த வீட்டு அளவீடு, எட்டாவது வாரத்தில் 138/86 ஆனது. சிறுநீர்ச் சோதனையில் சோடியம் 178இலிருந்து 104 மில்லிமோலாக இறங்கியிருந்தது. அதாவது வெளியேறியது ஏறத்தாழ 2400 மில்லிகிராம், உப்பாக 6 கிராம். வரம்புக்கு இன்னும் மேலேதான். ஆனால் நாளொன்றுக்கு நான்கு கிராமுக்கும் கூடுதலான உப்புக் குறைந்திருக்கிறது. கணுக்கால் வீக்கம் பாதியளவே வடிந்தது. எட்டு வாரங்களுக்குப் பின் மருத்துவர் ஆம்லோடிபினை மீண்டும் 2.5 மில்லிகிராமாக்கியதும் மீதி வீக்கமும் வடிந்தது, அழுத்தம் ஏறவில்லை. ஆக, வீக்கத்துக்கு உப்பும் மருந்தும் சேர்ந்தே காரணமாக இருந்தன என்று கொள்ளலாம். எடை குறைந்ததும் மிக்சர் குறைந்ததும் பங்களித்திருக்கும் என்பதால், அழுத்தம் இறங்கியதன் முழுப் பெருமையையும் சூப்புக்கு மட்டும் தருவது சரியல்ல. தாவர உணவை அவர் தொடர்கிறார்.

இனி வேறுவிதமாகச் செய்ய வேண்டியவை

தாவர உணவுக்கு மாறுகிறேன் என்று இரத்த அழுத்த நோயாளி ஒருவர் சொல்லும்போது, எதை விடுகிறார் என்பதோடு அந்த இடத்தில் எதை வைக்கிறார் என்பதையும் அன்றே கேட்க வேண்டும். பாலுக்குப் பதில் சூப், நெய்க்குப் பதில் சோயா சாஸ், தயிருக்குப் பதில் பொட்டலத் துவையல் என்று மாற்றீடுகள் பெரும்பாலும் உப்புப் பக்கமே சாய்கின்றன. சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியிலேயே 900 மில்லிகிராம் அளவில் சோடியம் இருக்கிறது. இந்த நிகழ்வில் அந்தக் கேள்வி இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகே கேட்கப்பட்டது.

லேபிளைக் கற்பிக்கும்போது நூறு கிராம் எண்ணிலிருந்து தொடங்காமல், வீட்டிலிருக்கும் கிண்ணத்தில் நீரை ஊற்றி அளப்பதிலிருந்து தொடங்குவதே பயன் தருகிறது. கிண்ணம் எத்தனை மில்லிலிட்டர், அதில் எத்தனை கிராம் தூள் போகிறது என்ற இரண்டும் தெரிந்தால் மீதி ஒரே பெருக்கல். இறக்குமதி லேபிளில் உப்பு என்று கிராமில் இருந்தால் 400ஆல் பெருக்கி மில்லிகிராம் சோடியமாக்கிக் கொள்ளும் பழக்கத்தையும் இப்போது அனைவருக்கும் சொல்லித் தருகிறோம்.

தண்ணீர்ச் சோதனையைத் தொடக்கத்திலேயே செய்யலாம். வீட்டுக் கருவி காட்டும் மொத்தக் கரைபொருள் அளவு சோடியத்தைச் சொல்வதில்லை. ஆய்வகத்தில் சோடியத்தைத் தனியாகக் கேட்க வேண்டும்.

ஒரே பாத்திரத்திலிருந்து அதே சூப்பை அதே அளவு குடித்துவந்த கணவருக்கு 66 வயது. மனைவியின் குறிப்பேட்டை எட்டு வாரம் எழுதியவரின் அழுத்தத்தை யாரும் அதுவரை அளந்து பார்த்திருக்கவில்லை. கடைசிச் சந்திப்பின்போது அளந்ததில் 144/88 இருந்தது. ஒரு முறை அளந்ததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பதால், அதே குறிப்பேட்டில் அவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, இரண்டு வார அளவீட்டோடு மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது.